நூற்புழு நான்கு முறையோடு சட்டை உரிப்பதை நிறுத்துகிறதே, எண்ணுவது எது?

அம்பை விலங்கியல் (கேள்வி)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவன் கன்னடியன் கால்வாய்க் கரையில் கிடந்த பாம்புச் சட்டை ஒன்றைத் தலை முதல் வால் வரை கிழியாமல் செய்தித்தாளில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுவந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு தோலுரித்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தன் வீட்டு வாழையில் நூற்புழு விழுந்திருப்பதை அறிந்த இன்னொரு மாணவன் எழுந்து, நூற்புழுவும் சட்டை உரிக்குமா என்று கேட்டான். உரிக்கும், முட்டையிலிருந்து வந்தது முதல் முழுப்புழு ஆகும் வரை நான்கு முறை உரிக்கும் என்றேன். "பாம்பு சாகிற வரைக்கும் உரிக்கிறதே டீச்சர், புழு மட்டும் நாலோடு நிறுத்துவதற்கு யார் எண்ணிச் சொல்கிறார்கள்?" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டது.

எனக்குத் தெரிந்த அளவைச் சொல்லிவிடுகிறேன். தோலுரிக்கும் பூச்சிகளும் நண்டுகளும் நூற்புழுக்களும் ஒரே பெருங்குடும்பம் என்று 1997இல் மரபணு ஒப்பீட்டின் வழியாக முன்மொழியப்பட்டு, இப்போது அது ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. பூச்சிகளில் இதை நடத்துவது எக்டைசோன் என்னும் ஹார்மோன் என்பதும், 1954இல் அது பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்பதும் தெரியும். அதே ஹார்மோன்தான் நூற்புழுவையும் நடத்துகிறதா என்பதும், அந்தச் சட்டை எதனால் ஆனது, பூச்சியின் ஓட்டைப் போலக் கைட்டினாலா என்பதும் விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மாணவனின் எண்ணிக்கைக் கேள்விக்கு விடை வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்குச் சொல்லும்படியாக, ஆனால் பிழையில்லாமல் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி (பாளையங்கோட்டை)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் படித்தது பாளையங்கோட்டையில். ஆய்வு செய்வது வெளியூரில். ஆய்வுப் பொருள் இதே புழுக்கள்தாம். உங்கள் மாணவன் கேட்டதைத்தான் இத்துறையில் இன்றும் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

நூற்புழுக்களின் தோலுரிப்பைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, அழுகும் தாவரங்களில் பாக்டீரியாவைத் தின்று வாழும், யாருக்கும் தீங்கு செய்யாத புழுவிலிருந்து வந்தது. உடல் கண்ணாடிபோல் இருப்பதாலும், முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை மூன்று நாள்களே ஆவதாலும் சிட்னி பிரென்னர் இதைத் தேர்ந்தெடுத்து, குட்டையானவை, உருண்டு செல்பவை, நடக்கத் தடுமாறுபவை என்று நூற்றுக்கணக்கான பிறழ்வுகளைப் பிரித்து 1974இல் வெளியிட்டார். அன்று வெறும் உருவ விகாரமாகத் தெரிந்தவற்றில் பல, பின்னாளில் சட்டையின் நூலிழைக் கோளாறுகள் என்று தெரியவந்தன.

எனவே சட்டையிலிருந்தே தொடங்குகிறேன். அதில் கைட்டின் கிடையாது என்று சொல்லிவிடலாம். முட்டை ஓட்டிலும் தொண்டைக்குள் இருக்கும் அரைக்கும் பகுதியிலும் கைட்டின் உண்டு. உடலைப் போர்த்தியிருக்கும் சட்டை பெரும்பாலும் கொலாஜனால் ஆனது. நம் தசைநாணிலும் எலும்பிலும் உள்ள அதே வகைப் புரதந்தான். மனிதருக்கு 28 வகைக் கொலாஜன்கள் இருக்க, இந்த ஒரு மில்லிமீட்டர் புழுவுக்குச் சட்டைக்கென்றே ஏறத்தாழ 170 கொலாஜன் மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கொலாஜன் இழையிலும் மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒருமுறை கிளைசின் வருவதால்தான் மூன்று இழைகள் நெருக்கமாக முறுக்கிக்கொண்டு முப்புரிக் கயிறு ஆகின்றன. முறுக்கு அவிழாமலிருக்க, செல்லுக்குள்ளேயே ஒரு நொதி புரோலின் அமிலங்களில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. வைட்டமின் சி இல்லாதபோது நம் உடலில் இதே வகை நொதி வேலை செய்யாமல் போவதுதான் ஸ்கர்வி நோய். பிறகு கயிறு வெளியே அனுப்பப்பட்டு, இரு முனைகளும் வெவ்வேறு கத்தரிக்கும் நொதிகளால் வெட்டப்பட்டு, பக்கத்துக் கயிறுகளோடு டைரோசின் வழியாகப் பிணைக்கப்படுகிறது. இந்தப் பிணைப்பைச் செய்யும் நொதி கெட்டால் சட்டையில் கொப்புளங்கள் எழுகின்றன, பி.எல்.ஐ-3 என்ற மரபணுவின் பெயரே கொப்புளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கந்தான்.

வளர்ந்த புழுவின் சட்டையில் அடிப்பகுதியில் இரண்டு நார் அடுக்குகள் எதிரெதிர்த் திசையில் சாய்வாகச் சுற்றிச் செல்கின்றன. பத்தமடைப் பாயைப் பார்த்தவர்களுக்கு இழையின் சாய்வு மாறினால் பாயின் படிமானம் எப்படி மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ.எல்-6 என்ற ஒரே ஒரு கொலாஜன் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பிறழ்வு நேர்ந்தால், புழு முழுவதும் முறுக்கிக்கொண்டு, நேராக ஊர முடியாமல் வட்டமடித்து உருளும். டி.பி.ஒய்-7 உள்ளிட்ட ஆறு கொலாஜன்களில் ஏதேனும் ஒன்று இல்லையென்றால், உடலைச் சுற்றிலும் இருக்க வேண்டிய வளையப் பள்ளங்கள் மறைந்து, புழு குட்டையாகவும் தடியாகவும் ஆகிவிடும். நெய்யும் வரிசையும் இதில் முக்கியம். ஒவ்வொரு தோலுரிப்புக்கு முன்பும் டி.பி.ஒய்-7 முதலில் வெளிப்படுகிறது. சில மணி நேரம் கழித்துத்தான் எஸ்.க்யூ.டி-1, கால்-12 போன்ற பிற கொலாஜன்கள் வருகின்றன. நான்கு முறையும் இதே வரிசைதான் என்று 1996இல் காட்டப்பட்டது.

இனி, உரிக்கும் நேரம் வந்துவிட்டது என்று மணி அடிப்பவரைப் பார்ப்போம். உரிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு புழு உண்பதை நிறுத்தி, அசையாமல் கிடக்கிறது. அது ஒருவகை உறக்கமே என்று இப்போது பலர் கருதுகிறார்கள். அதற்குள் பழைய சட்டை தோலிலிருந்து விலகி, அடியில் புதியது நெய்யப்படுகிறது. பிறகு புழு தன் நீள அச்சில் புரண்டு புரண்டு சட்டையைத் தளர்த்தி, தலைப்பக்கம் கிழித்து வெளியேறுகிறது. எந்தெந்த மரபணுக்கள் இதற்குத் தேவை என்று பார்க்க, ஒவ்வொரு மரபணுவையும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் ஒன்றன்பின் ஒன்றாக அடக்கிப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது; அதில் 159 மரபணுக்கள் அகப்பட்டன.

அவற்றின் தலைமையில் இருப்பது என்.எச்.ஆர்-23 என்னும் புரதம். இது பிற மரபணுக்களை இயக்கிவிடும் வகையைச் சேர்ந்தது. இதை அடக்கினால் நான்கு தோலுரிப்பும் பாதிக்கப்படும். பூச்சிகளில் எக்டைசோனுக்கு அடுத்த படியில் வேலை செய்யும் ஒரு புரதத்துக்கு இது நேர் உறவு. அந்த உறவைப் பார்த்ததும் எல்லாருக்கும் உங்களுக்கு வந்த ஐயமே வந்தது. ஆனால் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸில் எக்டைசோனும் இல்லை, அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியும் இல்லை. குடும்பத் தொழிலின் வேலையாட்கள் அப்படியே இருக்க, முதலாளி மட்டும் மாறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அதே சமயம் யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றான புரூஜியா மலாயியில் எக்டைசோன் ஏற்பியை ஒத்த மரபணு இருக்கிறது. ஆகவே நூற்புழுக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விடை என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம்.

ஹார்மோன் சாயல் முற்றிலும் இல்லாமலும் போகவில்லை. நூற்புழுக்களால் கொலஸ்ட்ராலைத் தாமே உண்டாக்க முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும், ஆய்வகத் தட்டில்கூட நாங்கள் அதைத் தனியாகச் சேர்க்கிறோம். கொலஸ்ட்ரால் கிடைக்காத புழுவும், அதைத் தோல் செல்லுக்குள் எடுத்துச் செல்வதாகக் கருதப்படும் எல்.ஆர்.பி-1 என்ற புரதம் இல்லாத புழுவும் பழைய சட்டையை முழுதாகக் கழற்ற முடியாமல் சிக்கிக்கொள்கின்றன.

எண்ணுவது யார் என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். இது ஏற்கெனவே நீண்டுவிட்டது. இப்போதைக்கு இவ்வளவு மட்டும்: பள்ளியில் ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரே மணிதான் அடிக்கிறது, எந்த வேளையில் எந்தப் பாடம் என்பது கால அட்டவணையில் இருக்கிறது. புழுவிலும் மணி வேறு, அட்டவணை வேறு.

களக்காட்டு வாழை

டீச்சர் அவர்களுக்கும் பாளையங்கோட்டைத் தம்பிக்கும் வணக்கம். நான் படிப்பாளி அல்லன். களக்காட்டில் வாழை வைப்பவன், வேளாண்மைத் துறையில் சில காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒரு திருத்தமும் ஒரு அனுபவமும் மட்டும் சொல்ல வந்தேன்.

திருத்தம் என்னவென்றால், முட்டையிலிருந்து வந்தது முதல் நான்கு முறை என்பது தம்பி சொன்ன ஆய்வகப் புழுவுக்குச் சரி. நம் வயலில் இருக்கும் வேர்முடிச்சு நூற்புழு முதல் சட்டையை முட்டைக்குள்ளேயே உரித்துவிட்டு, இரண்டாம் வளர்ச்சிப் பருவத்தில்தான் மண்ணுக்கு வருகிறது. அந்தப் பருவத்தில் அது எதையும் தின்பதில்லை. உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பை வைத்துக்கொண்டே வேரைத் தேடி ஊர்கிறது. வேருக்குள் புகுந்து, தனக்கென்று சில செல்களைப் பெரிதாக வீங்கச் செய்து, அங்கேயே தங்கி, உடல் பருத்து, மீதி மூன்று சட்டைகளையும் இருந்த இடத்திலேயே உரிக்கிறது. இடைப்பட்ட மூன்றாம், நான்காம் பருவங்களில் உறிஞ்சுவதற்கான ஊசிகூட அதற்கு இருப்பதில்லை. வாழை வேரைக் குடைந்து, பிஞ்சுக் குலையோடு மரத்தைச் சாய்க்கும் துளைப்பான் நூற்புழு இன்னொரு வகை. அது முடிச்சுப் போடாது, வேரை நீளவாக்கில் பிளந்தால் செங்கறுப்புத் தடம் தெரியும். மொத்தக் கணக்கு அதற்கும் நான்குதான், அதற்கும் முதலாவது முட்டைக்குள் முடிந்துவிடுகிறது.

இனி அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், நெல்லில் புகையானுக்கு அடிக்கும் புப்ரோபெசின் பூச்சியின் தோலுரிப்பைத் தடுக்கும் மருந்து, நூற்புழுவும் தோலுரிக்கிற உயிர்தானே, கரைத்து வேரில் ஊற்றுங்கள் என்றார். சொன்ன காரணம் அறிவியல் போல இருந்ததால் நானும் வாங்கி ஊற்றினேன். அந்த ஆண்டும் காற்றுக்கு முன்பே மரங்கள் சாய்ந்தன. சட்டையில் கைட்டின் இல்லை என்று தம்பி எழுதியதைப் படித்தபோதுதான், அன்று செலவழித்த பணம் எங்கே போயிற்று என்று தெரிந்தது. அந்த மருந்து கைட்டின் உருவாவதைத் தடுப்பது. கைட்டினே இல்லாத சட்டையில் அதற்கு என்ன வேலை? இதை டீச்சர் அந்த மாணவனின் தந்தைக்கும் சொல்லிவிட வேண்டும். கன்றின் கிழங்கைச் சீவிக் கறுத்த பகுதிகளை நீக்கி நடுவதும், வாழையை எடுத்த வயலில் ஒரு போகம் நெல் நட்டுத் தண்ணீர் கட்டுவதும், வரப்போரம் கேந்தி போடுவதுமே இன்றைக்கும் நான் நம்புகிற வழிகள்.

கால்நடை மருத்துவர் (சங்கரன்கோவில்)

அண்ணாச்சி எழுதியது மிகவும் பயனுள்ள பதிவு. ஆட்டுக்காரர்களிடமும் இதே குழப்பம் இருக்கிறது.

ஆடுகளின் நான்காம் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சி, கண்ணை வெளுக்கச் செய்து, தாடையின் கீழ் நீர் கோக்க வைக்கும் ஹீமாங்கஸ் என்ற நூற்புழுவை இங்கே பார்க்காத நாளே மழைக்காலத்தில் இல்லை. தோலுரித்தலைப் படிப்பவர்களுக்கு அதில் ஒரு விந்தை இருக்கிறது. புழுக்கையோடு வெளிவந்த முட்டை பொரித்து, முதல் இரண்டு பருவங்களும் பாக்டீரியாவைத் தின்று வளர்கின்றன. இரண்டாவது சட்டை கழன்ற பிறகும் புழு அதை விட்டு வெளியே வருவதில்லை; உறையாகப் போர்த்திக்கொண்டே புல் நுனிக்கு ஏறுகிறது. வாயும் மூடியிருப்பதால் உண்ண முடியாது. ஆனால் வெயிலையும் வறட்சியையும் அந்த இரட்டைச் சட்டை ஓரளவு தாங்குகிறது. ஆடு மேய்ந்து விழுங்கிய பிறகு, முதல் இரைப்பையின் வெப்பமும் கரியமில வாயுவும் கொடுக்கும் சமிக்ஞையில்தான் மூக்கு நுனியில் ஒரு வளையம் கரைந்து, தொப்பியைப் போல் கழன்று, புழு வெளியேறுகிறது. நெய்வதும் கழற்றுவதும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. இந்தப் புழுவில் இரண்டுக்கும் இடையே பல வாரங்கள்கூடக் கடக்கலாம்.

அந்த வளையத்தைக் கரைக்கும் நொதி எதுவென்று தேடியவர்களுக்கு விடை கொடுத்தது ஆய்வகப் புழுதான். அதில் புரதங்களை வெட்டும் நாஸ்-37 என்ற நொதி, தோலுரிப்புக்கு நான்கு மணி நேரம் முன்பு தோல் செல்களில் தோன்றி, தலைப்பக்கச் சட்டையில் சேர்கிறது. அந்த மரபணு கெட்ட புழு, பாதி கழன்ற சட்டையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டே திரியும். இந்த நாஸ்-37ஐத் தனியே தூய்மைப்படுத்தி ஹீமாங்கஸின் உறையின் மேல் இட்டபோது, அதே இடத்தில் அதே வளையம் விழுந்தது என்று 2004இல் வெளியிட்டார்கள். அழுகிய பழத்தில் வாழும் புழுவும் ஆட்டின் வயிற்றில் வாழும் புழுவும் சட்டையைத் திறக்க ஒரே சாவியை வைத்திருக்கின்றன.

ஆனால் இப்போது நாம் கொடுக்கும் குடற்புழு மருந்துகள் எவையும் இந்தச் சாவியைத் தொடுவதில்லை. அல்பெண்டசோல் வகை மருந்துகள் செல்லுக்குள் இருக்கும் டியூபுலினைக் குறிவைக்கின்றன. ஐவர்மெக்டின் நரம்பிலும் தசையிலும் உள்ள குளோரைடு வாயில்களைத் திறந்து வைத்துப் புழுவை முடக்குகிறது. இரண்டுக்கும் எதிர்ப்புத்திறன் பெற்ற ஹீமாங்கஸ் புழுக்கள் பெருகிவரும் நிலையில், சட்டை நெய்யும் மரபணுக்கள் புதிய இலக்காகுமா என்று தேடுவது வீண் வேலையாகாது. ஆனால் ஆட்டின் உடலிலும் கொலாஜன் இருக்கிறதே என்ற கேள்விக்கு மருந்தைக் கண்டுபிடிப்பவர் முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

அம்பை விலங்கியல்

மூவருக்கும் என் நன்றி. முட்டைக்குள் நடக்கும் முதல் உரிப்பைச் சுட்டிக்காட்டிய அண்ணாச்சிக்குத் தனியாகவும் நன்றி. வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

மணியும் அட்டவணையும் வேறு என்று நுண்ணோக்கி எழுதியதில் எனக்கு ஒரு ஐயம். உடல் வளர வளரச் சட்டை இறுகிப் போவதால் உரிக்கிறது என்றுதான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியானால் எண்ணவே தேவையில்லை அல்லவா? உடல் முழு அளவை எட்டியதும் உரிப்பது தானாக நின்றுவிடும்.

நுண்ணோக்கி (பாளையங்கோட்டை)

அந்த விளக்கம் நண்டுக்குப் பொருந்தும். நூற்புழுவுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். கொலாஜன் சட்டை நெகிழக்கூடியது. இரண்டு உரிப்புகளுக்கு இடையிலும் புழு வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. நான்காவது சட்டையை உரித்த பிறகும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் நீள்கிறது. மனிதக் குடலில் வாழும் நாக்குப்பூச்சியோ தன் நீளத்தின் பெரும்பகுதியைக் கடைசிச் சட்டையை உரித்த பிறகுதான் அடைகிறது. வளர்ந்த பெண் புழு 20 சென்டிமீட்டரைத் தாண்டும். இறுக்கமே காரணம் என்றால் அது உரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே அளவைப் பார்த்து நிற்கிறது என்பது போதாது. உங்கள் மாணவன் எண்ணிக்கையைக் கேட்டதுதான் சரி.

மணியை முதலில் முடித்துவிடுகிறேன். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இளம்புழுவில் ஏறத்தாழ 3,700 மரபணுக்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை எழுந்து ஒருமுறை தாழ்கின்றன என்று காட்டியது. 25 டிகிரி வெப்பத்தில் ஓர் அலைக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். கொலாஜன் மரபணுக்கள் அந்த அலையில் ஏறித்தான் வருகின்றன. குளிரில் வளர்த்தால் அலை நீள்கிறது. 15 டிகிரியில் வளர்ச்சி முடிய ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகும். உரிப்புகள் மட்டும் நான்கே. இங்கேதான் நம் உடலின் பகலிரவுக் கடிகாரத்தோடு ஒரு விந்தையான ஒற்றுமையும் வேற்றுமையும் தெரிகின்றன. ஈயிலும் மனிதரிலும் பகலிரவைக் கணிக்கும் பீரியட் என்ற புரதத்தின் உறவான லின்-42 புழுவின் இந்த அலையில் இருக்கிறது. என்.எச்.ஆர்-23 லின்-42ஐ எழுப்புகிறது; எழுந்த லின்-42 திரும்பிவந்து என்.எச்.ஆர்-23இன் வேலையை மட்டுப்படுத்துகிறது. பகலிரவுக் கடிகாரம் வெப்பம் மாறினாலும் 24 மணி நேரத்தை விடாமல் காக்கும். புழுவின் கடிகாரத்துக்கு அந்தக் கண்டிப்பு இல்லை.

அட்டவணையைப் பற்றிய செய்தி இன்னும் பழையது. லின்-14 என்ற புரதம் மிகுதியாக இருக்கும்வரை புழு முதல் பருவத்தின் வேலைகளைச் செய்கிறது. அதைக் குறைப்பது லின்-4. இந்த லின்-4 ஒரு புரதத்தையும் உண்டாக்காமல், வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ.வாக இருந்தபடியே லின்-14இன் செய்தியைப் பிடித்து அடக்குகிறது என்று 1993இல் கண்டபோது, இது புழுவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்றே பலர் நினைத்தார்கள். 2000இல் லெட்-7 என்ற இரண்டாவது சிறு ஆர்.என்.ஏ. கிடைத்து, அது மனிதரிலும் அப்படியே இருப்பது தெரிந்த பிறகுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஒரு பெரிய உலகமே திறந்தது. விக்டர் ஆம்புரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். மேலே சொன்ன 159 மரபணு ஆய்விலும் ருவ்குன் பங்கேற்றிருக்கிறார்.

நான்காம் பருவத்தில் லெட்-7 மிகுந்து லின்-41ஐ அடக்குகிறது. லின்-41இன் பிடி தளர்ந்ததும் லின்-29 என்ற புரதம் தோலின் பக்கச் செல்களில் வேலையைத் தொடங்குகிறது. அது கால்-19 என்ற முதிர்பருவக் கொலாஜனை எழுப்புகிறது, பக்கச் செல்களை ஒன்றோடொன்று இணைக்கிறது, அடுத்த உரிப்பு நடவாமல் பார்த்துக்கொள்கிறது. கடைசிச் சட்டை நெய்யப்படும்போதே இனி நெய்ய வேண்டாம் என்ற ஆணையும் சேர்ந்து பிறக்கிறது.

மணியையும் அட்டவணையையும் தனித்தனியாகக் கெடுக்க முடியுமா என்பதுதான் சோதனை. முடியும். லின்-29 இல்லாத புழு நான்கோடு நிற்காமல், முட்டையிடும் வயதிலும் ஐந்தாம் முறை உரிக்கப் போகிறது. லின்-4 இல்லாத புழு முதல் பருவத்தின் பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்து, கூடுதல் முறை சட்டை உரித்தும் முதிர்ந்த சட்டையை அடைவதே இல்லை. அட்டவணையைச் சேர்ந்த இன்னொரு புரதமான லின்-28 இல்லாத புழு மூன்றே உரிப்பில் முதிர்ந்த சட்டையைப் போட்டுக்கொள்கிறது. மூன்றிலும் மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எத்தனையாவது மணியில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் குழம்பிவிட்டது.

ஆனாலும் மணியும் அட்டவணையும் முற்றிலும் பேச்சு வார்த்தை இல்லாதவை என்று நினைத்துவிட வேண்டாம். நான் முந்தைய பதிவில் எழுதியது அந்த அளவுக்குச் சற்று மிகைதான். லின்-4, லெட்-7 இரண்டையும் ஒவ்வொரு அலையிலும் எழுப்பிவிடுவதில் என்.எச்.ஆர்-23க்கே பங்கு இருக்கிறது. பதிலுக்கு லெட்-7 என்.எச்.ஆர்-23இன் அளவைக் குறைக்கிறது என்று 2022இல் காட்டினார்கள். மணி அடிக்க அடிக்க அட்டவணையில் ஒரு வரி அடிபடுகிறது. வரிகள் தீர்ந்ததும் அட்டவணை மணியடிப்பவரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. முதிர்ந்த புழுவில் அலை எந்தக் கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது என்று பார்த்தால், சட்டையைக் கழற்றும் நேரத்தை ஒட்டிய கட்டத்தில்தான். முட்டையிலிருந்து வெளிவந்து உணவு கிடைக்காமல் முதல் பருவத்திலேயே உறைந்து கிடக்கும் புழுவின் கடிகாரமும் அதே கட்டத்தில் நிற்கிறது. பின்னதற்கு உணவு கொடுத்தால் மீண்டும் ஓடத் தொடங்கும், முன்னது ஓடுவதில்லை. இந்த வேறுபாட்டைத்தான் எங்கள் ஆய்வகத்தில் இப்போது துருவிக்கொண்டிருக்கிறோம்.

அம்பை விலங்கியல்

இப்போது என்னால் அவனுக்குச் சொல்ல முடியும். கடைசியாக ஒன்று: பள்ளியில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியில், நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், உரிப்பதை மாணவர்களுக்குக் காட்ட இயலுமா?

நுண்ணோக்கி (பாளையங்கோட்டை)

இயலும், பொறுமை வேண்டும். வாழை வெட்டிய இடத்தில் அழுகிக் கிடக்கும் தண்டில் ஒரு கைப்பிடி எடுத்து, மெல்லிய துணியில் கட்டி, அடியில் ரப்பர் குழாயும் கவ்வியும் பொருத்திய புனலில், துணி நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்திருங்கள். புழுக்கள் துணியைக் கடந்து கீழே இறங்கிக் குழாயில் தங்கியிருக்கும். காலையில் கவ்வியைத் திறந்து முதல் சில சொட்டுகளை மட்டும் கண்ணாடித் தகட்டில் எடுங்கள். கிடைப்பது இதே இனமாக இருக்க வேண்டியதில்லை. பாக்டீரியா தின்னும் நூற்புழு எதுவானாலும் போதும்.

நெளிந்தோடும் புழுக்களை விட்டுவிட்டு, அசையாமல் கிடப்பவற்றைத் தேடச் சொல்லுங்கள். செத்த புழுவுக்கும் உரிக்கப்போகும் புழுவுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்றால் வாயைப் பார்க்க வேண்டும். பழைய சட்டையின் உள்வாய்ப் பகுதி ஒரு சிறிய மூடியைப் போல் அங்கே அடைத்திருக்கும். தலைக்கு முன்னால் வெறும் சட்டை மட்டும் ஒரு மெல்லிய கோடாக நீட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தகட்டை அசைக்காமல், உலராமலிருக்க அவ்வப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மாணவர்களை ஒருவர் மாற்றி ஒருவராக உட்கார வையுங்கள். கேள்வி கேட்ட மாணவனை முதலில் உட்கார வைத்துவிட வேண்டாம். கழற்றி வெளியேறும் கட்டம் வரும்போது அவன் முறை வருவதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.